ஆயிரத்துக்கு ஒரு கிலோ கம்மி

டிசம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, எக்கார்ட் லோமான் கணினித் திரையில் இருந்த இரண்டு எண்களை மூன்றாவது தடவையாகக் கூட்டினார். மூன்றாவது தடவையும் 1022 என்றே வந்தது. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். கணினிக்கு மனசு மாறவில்லை.

முதல் எண் 962. அந்த வருஷம் அதுவரை ஹாஸ்லிங் கம்பெனி தயாரித்த நுரையடக்கியின், அதாவது வார்னிஷில் நுரை எழாமல் தடுக்கும் ரசாயனத்தின் எடை, கிலோவில். இரண்டாவது எண் 60. அன்று காலை வந்திருந்த ஆர்டர். வேறு எந்தக் கம்பெனியிலாவது ஆர்டர் வந்தால் கேக் வெட்டுவார்கள். எக்கார்ட் ஒரு தலைவலி மாத்திரையை வெட்டி, பாதியைப் போட்டுக்கொண்டார். வாரம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது, மீதிப் பாதி தேவைப்படும்.

விஷயம் இதுதான். ஐரோப்பாவில் ஒரு ரசாயனத்தை வருஷத்துக்கு ஒரு டன்னுக்குக் கீழே தயாரித்தால் உங்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு டன்னைத் தொட்டுவிட்டால் அதற்கு ஜாதகம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தண்ணீரில் எவ்வளவு கரையும், எத்தனை டிகிரியில் தீப்பிடிக்கும், தோலில் பட்டால் என்ன, பாசியில் பட்டால் என்ன, தண்ணீர்ப் பூச்சி குடித்தால் நீந்துமா மிதக்குமா என்று பரிசோதித்து எழுதி, ஹெல்சிங்கியில் இருக்கும் ரசாயனப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சட்டத்தின் மேல் எக்கார்ட்டுக்குக் கோபம் கிடையாது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, ஊர் நடுவே ஓடும் வுப்பர் ஆற்றைப் பார்த்தே சாயப் பட்டறையில் இன்று சிவப்பா நீலமா என்று சொல்லிவிடலாம். இப்போது அதே ஆற்றில் மீன் ஓடுகிறது. மீன் ஓடுவது நல்ல விஷயம்தான். ஆனால் முப்பதாயிரம் பேர் இருக்கும் கம்பெனிக்கும், முப்பத்தோரு பேர் இருக்கும் ஹாஸ்லிங்குக்கும் படிவம் ஒன்றுதான். அங்கே படிவத்தை நிரப்ப ஒரு மாடி முழுக்க ஆட்கள். இங்கே எக்கார்ட். அவருக்குத் துணை, காப்பி மெஷின்.

அவர் அந்த எண்ணோடு முதலாளியம்மா ரெனாட்டே ஹாஸ்லிங்கின் அறைக்குப் போனார். அந்த அம்மாள் கம்பெனியின் மூன்றாம் தலைமுறை. எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் கடைசி வரியை மட்டும் படிப்பார். அது தெரிந்ததால் எக்கார்ட் கெட்ட செய்தியை எப்போதும் நடுவில் வைப்பார். இன்றைக்குக் குறிப்பே ஒரு வரிதான் என்பதால் ஒளித்துவைக்க இடமில்லாமல் போய்விட்டது.

ஃபிரௌ ஹாஸ்லிங் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. நுரையடக்கியைப் பதிவு செய்ய ஆகும் செலவுக்கு அதைத் தயாரிக்கும் மூன்றாம் நம்பர் கலனையே நான்கு தடவை புதிதாக வாங்கலாம் என்பதை நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"ரெண்டே வழிதான், ஹெர் லோமான். ஒண்ணு, ஆயிரத்துக்குக் கீழ நிறுத்துங்க. இல்ல, மூணாம் கலனை நிறுத்துங்க."

"ஆர்டரை வேண்டாம்னு சொல்லிடலாமா?"

"அவங்கதான் அந்தச் சரக்குல பாதியை வாங்கறாங்க. அவங்க கோவிச்சுக்கிட்டுப் போனா கலனுக்கு வேலை ஏது? அப்பவும் மூடறதுதான்."

"அதுல ஓட்மார் இருக்கான்."

"தெரியும். அவருக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னும் தெரியும். வேலையை விட்டு நிறுத்தற கடிதம் கொடுக்கறதா இருந்தா வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். அதுவரைக்கும் உங்களுக்கு நேரம்."

ஓட்மார் க்ரேபே மூன்றாம் கலனை முப்பத்து நான்கு வருஷமாக ஓட்டுகிறவர். வயது அறுபத்தொன்று. கலனில் வெப்பமானி உண்டு, அழுத்தமானி உண்டு, அவர் இரண்டையும் பார்க்க மாட்டார். குனிந்து மோந்து பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம்" என்பார். சரியாகப் பத்து நிமிஷம் ஆகும். இந்த வித்தையை எந்த விண்ணப்பத்தில் எழுதி எந்தக் கம்பெனியில் வேலை கேட்பது? இன்னும் இரண்டு வருஷம் முடித்தால் முழு ஓய்வூதியம். இப்போதே நின்றால் குறைந்ததுதான், அதுவும் வாழ்நாள் முழுக்க. இருபத்திரண்டு வருஷமாக எக்கார்ட் மத்தியானச் சாப்பாட்டை அவரோடுதான் சாப்பிடுகிறார்.

ஆகவே எக்கார்ட் ஒரு திட்டம் போட்டார். திட்டம் மிக எளிது. ஜனவரி ஒன்றாம் தேதி எடைக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, ஆர்டரை மூன்று வாரம் தள்ளி வைக்கச் சொன்னால் போதும்.

வாடிக்கையாளர், மூன்ஸ்டர் பக்கத்தில் ஒரு வார்னிஷ் தொழிற்சாலை. சவப்பெட்டிக்கு மட்டும் வார்னிஷ் செய்கிறவர்கள். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், ஒரு கொப்புளம் இருக்காது. நிலையான தொழில். உபயோகிப்பவர்கள் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. அங்கே கொள்முதலையும் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பவர் அன்னெக்ரெட் டெர்ஹோர்ஸ்ட் என்ற பெண்மணி. ஒன்பது வருஷமாகத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல, ஃபிரௌ டெர்ஹோர்ஸ்ட். சின்ன விஷயம்தான்" என்று எக்கார்ட் ஆரம்பித்தார்.

அதுதான் தப்பு. இந்தத் தொழிலில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவு ஆள் தானாகவே கூப்பிட்டு "ஒண்ணுமில்ல" என்றால் ஒரே அர்த்தம்தான். அந்தச் சரக்கை ஊத்தி மூடப் போகிறார்கள்.

அந்த அம்மாள் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நிறுத்தப் போறீங்களா?"

"சேச்சே. ஆர்டரை மட்டும் ஜனவரி ரெண்டாம் தேதிக்குத் தள்ளி வெக்கலாமான்னு..."

"டிசம்பர் பதினஞ்சுக்குள்ள வந்தாகணும்."

"பதினஞ்சுக்கும் ரெண்டுக்கும் நடுவுல கிறிஸ்துமஸ் வருது. அப்ப வார்னிஷே காய்ச்ச மாட்டீங்களே."

"ஹெர் லோமான், நிறுத்தறதா இருந்தா நேரா சொல்லிடுங்க. நான் தாங்கிப்பேன்."

நிறுத்தவில்லை என்று எக்கார்ட் நான்கு விதமாகச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொன்னபோதும் அது அவர் காதுக்கே பொய்யாகக் கேட்டது. போனை வைத்த இருபதாவது நிமிஷம் திருத்திய ஆர்டர் வந்தது. அறுபது, நூற்றிருபது ஆகியிருந்தது. இனிமேல் கிடைக்காது என்று நினைப்பவர்கள் செய்வதைத்தான் அந்த அம்மாள் செய்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை எக்கார்ட் யோசித்தார். வாய்ப் பேச்சை நம்பாதவர்கள் காகிதத்தை நம்புவார்கள். கம்பெனியின் பெயர் அச்சிட்ட நல்ல தாளில், "நுரையடக்கியின் தயாரிப்பை நிறுத்தும் எண்ணம் தற்போது எங்களுக்கு இல்லை" என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் 'தற்போது' என்ற சொல் கண்ணில் பட்டது. பதினெட்டு வருஷம் சட்டப் படிவம் எழுதிய கை. 'தற்போது' இல்லாமல் அதற்கு ஒரு உறுதிமொழியும் எழுத வராது. அவருடைய கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கு அந்தச் சொல்லைச் சேர்க்காமல் பதில் சொல்ல முடிந்ததே, அப்போது அவர் இந்த வேலையில் இல்லாததால்தான்.

தொடர்ந்து தயாரிக்கும் சரக்கைப் பற்றி எந்தக் கம்பெனியும் "தொடர்ந்து தயாரிப்போம்" என்று கடிதம் எழுதாது. சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. நூற்றிருபது, இருநூறு ஆகியிருந்தது. கூடவே எண்பத்து நான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம், 'சரக்கு தொடர்ந்து கிடைக்குமா என்பதை மதிப்பிட' என்ற தலைப்பில். அறுபத்தோராவது கேள்வி, நுரையடக்கியில் போர் நடக்கும் நாடுகளில் தோண்டிய தங்கம் கலந்திருக்கிறதா என்பது. இல்லை என்று எழுதும்போது எக்கார்ட்டுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. தங்கம் இருந்திருந்தால் பதிவுச் செலவுக்கு ஆகியிருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் பருப்பு சூப். ஓட்மார் வழக்கம்போல அதைத் தொடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்தார். மேலே பச்சைப் பன்றி இறைச்சிக் கொத்து, அதற்கு மேலே நறுக்கிய வெங்காயம். பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் அந்த ரொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எக்கார்ட்டுக்கு அதிலிருக்கும் கிருமிகள்தான் முதலில் கண்ணில் படும். அதற்கும் ஒரு எச்சரிக்கைத் தாள் எழுதினால் எத்தனை பக்கம் வரும் என்று மனசு தானாகவே கணக்குப் போடும்.

"என்னடா, மூஞ்சி நிரப்பாத படிவம் மாதிரி இருக்கு?" என்றார் ஓட்மார்.

"தூக்கமில்ல."

"மூணு நாளா என் கலன் பக்கமே வரல. வந்தாலும் என்னைப் பார்க்காம கலனைப் பார்க்கறே. அது கிட்ட என்ன சொல்றே?"

எக்கார்ட் சூப்பைக் கிண்டினார். ஓட்மார் ரொட்டியைக் கடித்து, மென்று, விழுங்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேக்கல. நீயும் சொல்லாத. எதா இருந்தாலும் ஒரு நாள் முன்னாடி மட்டும் சொல்லிடு. கலனை நல்லாக் கழுவி வெச்சுட்டுப் போகணும். அடியில ஒரு படிவு இருக்கு, அது என் கை பட்டாத்தான் போகும்."

இதைக் கேட்ட பிறகு சூப் இறங்கவில்லை. எக்கார்ட் மேலே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாகத் தன் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார். தவறு என்றுகூடச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ரசாயனத்தோடும் ஒரு பாதுகாப்புத் தாள் போக வேண்டும். எப்படிக் கையாள வேண்டும், எதில் ஜாக்கிரதை என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை எழுதுபவர் அவர்தான். நுரையடக்கியின் தாளில் இதுவரை பயமுறுத்தும்படி எதுவும் இல்லை. வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் பயம் வந்தால் ஆர்டர் தானாகக் குறையும் அல்லவா?

பழைய கோப்பு ஒன்றில், பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு தொழிலாளியின் கை வறண்டு போனதாக ஒரு குறிப்பு இருந்தது. அது பிப்ரவரி மாதம். பிப்ரவரியில் அந்த ஊரில் எல்லாருக்குமே கை வறண்டுதான் போகும். எக்கார்ட் அந்த மாதத்தைப் பற்றி எதுவும் எழுதாமல், "நீண்ட நேரம் தோலில் படுவதைத் தவிர்க்கவும். மீண்டும் மீண்டும் பட்டால் தோல் வறண்டு வெடிக்கலாம்" என்று சேர்த்தார். சவப்பெட்டிக்குப் போகும் சரக்குக்கு இது தேவையா என்று ஒரு கணம் தோன்றியது. அதில் இருப்பவர்தான் உண்மையிலேயே நீண்ட நேரம் இருப்பார். இருந்தாலும் அனுப்பிவிட்டார்.

ஃபிரௌ டெர்ஹோர்ஸ்ட்டின் பதில் ஒரு வரி. "தாள் கிடைத்தது, ஆட்சேபணை இல்லை, 200 கிலோ, டிசம்பர் 15." அவ்வளவுதான். இதே அம்மாள் நான்கு வருஷத்துக்கு முன் ஒரு காற்புள்ளி இடம் மாறியதற்கு இரண்டு பக்கம் விளக்கம் கேட்டவர்.

ஆனால் அந்தத் தாளைப் படித்து ஒருவர் பயந்தார். அது ஃபிரௌ ஹாஸ்லிங். அன்றைக்கென்று பார்த்துப் புதிய வரி கடைசி வரியாக அமைந்துவிட்டிருந்தது. அவர் எக்கார்ட்டைக் கூப்பிட்டார். தோல் வெடிக்கும் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, மூன்றாம் கலனில் வேலை செய்பவருக்கு நீளக் கையுறை, முகமூடி, கலனுக்கு மேல் புகை உறிஞ்சும் குழாய், ஆலை மருத்துவரின் பரிசோதனை எல்லாம் வேண்டாமா என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எக்கார்ட்டே சொல்லிக்கொடுத்த சட்டம்தான்.

"அந்த வரியை எடுத்துடலாம், ஃபிரௌ ஹாஸ்லிங்."

"எடுக்க முடியுமா?"

முடியாது. எச்சரிக்கையைச் சேர்க்க ஒரு கையெழுத்து போதும். நீக்க மூன்று ஆய்வறிக்கை வேண்டும். இதையும் அவர்தான் முன்பு சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஆயிரம் கிலோவுக்குள் அடங்கினால் குழாய் போடுகிறேன், பாடுபட்டாவது போடுகிறேன் என்றார் முதலாளியம்மா. அடங்காவிட்டால் வெள்ளிக்கிழமை காலை கடிதம். அவர் மேசையில் அது ஏற்கெனவே தட்டச்சாகி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அதற்குள் கையுறை வந்துவிட்டது. புதிய எச்சரிக்கை வந்தால் கலனைத் தொடும் எல்லாத் தொழிலாளிகளையும் கூட்டிப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. எல்லாத் தொழிலாளிகளும் என்றால் ஓட்மார். அன்று மாலை நான்கு மணிக்கு, இருபது நாற்காலி போட்ட கூடத்தில், முதல் வரிசையில் ஓட்மார் மட்டும் முழங்கை வரை கையுறையும் முகமூடியுமாக உட்கார்ந்திருக்க, எக்கார்ட் பதினாறு படங்கள் போட்டு விளக்கினார்.

"கேள்வி இருக்கா?" என்று விதிப்படி கேட்டார்.

ஓட்மார் முகமூடியைக் கீழே இழுத்தார். "முப்பத்து நாலு வருஷமா வெடிக்காத தோல், இனிமே எத்தனை மணிக்கு வெடிக்கும்? நான் கொஞ்சம் தயாரா இருக்கணும்."

பிறகு வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார். கையுறையோடு போட்டதால் அது கையெழுத்து மாதிரி இல்லை. எக்கார்ட் அதை ஏற்றுக்கொண்டார். "இதை மாட்டினா மோந்து பார்க்க முடியலடா" என்று முகமூடியைக் காட்டி, யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார் ஓட்மார். வாரம் முழுக்க நடந்ததில் எக்கார்ட்டை உண்மையாகவே குத்தியது அந்த ஒரு வாக்கியம்தான்.

வியாழக்கிழமை காலை, இனிச் செய்வதற்குச் சாமர்த்தியம் எதுவும் கையிருப்பில் இல்லாததால், உண்மையைச் சொல்வது என்று எக்கார்ட் முடிவு செய்தார். காரை எடுத்துக்கொண்டு மூன்ஸ்டர் பக்கம் கிளம்பினார். நெடுஞ்சாலையில் மூன்று இடத்தில் பழுதுபார்க்கும் வேலை. ஒன்றிலும் ஆள் இல்லை, தடுப்பு மட்டும் இருந்தது. எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

ஃபிரௌ டெர்ஹோர்ஸ்ட்டைப் பார்த்ததும் அவருக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அதே வயது, அதே கண்ணுக்குக் கீழ்க் கருமை, மேசையில் அதே நிறக் கோப்புகள். காப்பிக் கோப்பையின் வட்டக்கறை, இங்கேயும் சட்டப் புத்தகத்தின் அட்டையில்தான்.

எக்கார்ட் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னார். ஆயிரம் கிலோவைச் சொன்னார், ஹெல்சிங்கியைச் சொன்னார், பிப்ரவரி மாதத்தைக்கூட மறைக்கவில்லை. ஓட்மாரைச் சொன்னார். இரண்டு வருஷத்தைச் சொன்னார். கவிழ்த்து வைத்த கடிதத்தையும் சொன்னார்.

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து மேல்கோட்டை எடுத்துக்கொண்டார்.

"கீழ கிடங்குக்குப் போய்ப் பேசலாம், வாங்க. இங்க சுவர் மெல்லிசு."

ரசாயனக் கிடங்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடம். இரும்புக் கதவு, உள்ளே கண்ணாடி மாதிரித் தரை. கிடங்குப் பொறுப்பாளர் லூட்கர் என்பவர் எழுந்து வணங்கினார். கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, இஸ்திரி போட்ட பச்சை மேலங்கி. ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு பட்டியல், ஒவ்வொரு பட்டியலிலும் அவருடைய உருண்டைக் கையெழுத்து. இவ்வளவு ஒழுங்கான கிடங்கை எக்கார்ட் பாதுகாப்புப் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

பின் சுவர் முழுக்க நுரையடக்கி. இருபது கிலோ கேன்கள் வரிசை வரிசையாக, சீட்டு முன்பக்கம் தெரியும்படி. சீட்டில் இருந்த எண்கள் ஓட்மார் எழுதியவை. ஏழுக்கு நடுவில் அவர் போடும் கோடு எப்போதும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். எக்கார்ட் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு சரக்குக்கும் எங்கோ ஒரு தேவை இருக்கிறது, இவ்வளவு சவப்பெட்டிகள் கொப்புளமில்லாமல் பளபளத்திருக்கின்றன. அந்த மனிதரைப் போய் வெள்ளிக்கிழமை அனுப்பப் போகிறார்கள்.

"இருநூறு பயத்துல போட்டது" என்றார் ஃபிரௌ டெர்ஹோர்ஸ்ட். "நீங்க நிறுத்தல இல்லையா? அப்ப நூத்து நாப்பதை விட்டுடறேன். ஆனா அந்த அறுபது வேணும்."

"முப்பத்தேழு தரேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல நிக்கும். அதுக்கு மேல ஒரு கிலோ முடியாது."

"அறுபது."

"ஜனவரி ரெண்டாம் தேதி மிச்சத்தை நானே கார்ல கொண்டுவந்து இறக்கறேன்."

"பதினஞ்சாம் தேதி, ஹெர் லோமான்."

எக்கார்ட் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். எந்த விற்பனையாளரும் வாயைத் திறந்து சொல்லக்கூடாத விஷயம் அது. "ஃபிரௌ டெர்ஹோர்ஸ்ட், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்றேன். நீங்க வழக்கமாப் போடற அளவுல பாதி போட்டாலே நுரை அடங்கிடும். எங்க பரிசோதனைக் கூடத்துல எழுதியே வாங்கித் தரேன். முப்பதே உங்களுக்குத் தாராளம்."

"நுரை அடங்கறது எனக்குப் பிரச்சினை இல்ல."

நுரையடக்கி வாங்குபவர் ஒருவர் இப்படிச் சொல்லி எக்கார்ட் கேட்டதில்லை. அவர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை, அவ்வளவு சுத்தம்.

"எனக்கு வேற வழி இல்ல" என்றார் எக்கார்ட். குரல் அவருக்கே கேட்கவில்லை. "இன்னிக்கே ஓட்மார்கிட்ட சொல்லியாகணும், அவன் நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்து கலனைக் கழுவ ஆரம்பிச்சுடுவான்."

"எனக்கும் இல்ல" என்றார் ஃபிரௌ டெர்ஹோர்ஸ்ட். அவர் குரலும் அதே அளவில்தான் இருந்தது.

இருவரும் கேன்களுக்கு முன்னால் அப்படியே நின்றார்கள். ஒருவருக்கு இருபத்து மூன்று கிலோ அதிகம், ஒருவருக்கு இருபத்து மூன்று கிலோ குறைவு. எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அதுவரை பேசாமல் இருந்த லூட்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேலங்கியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மிச்சம் இருபத்து மூணு கிலோவுக்குத் தண்ணியை ஊத்தி அனுப்புங்க, ஹெர் லோமான். ஒன்பது வருஷமா இதுல ஒரு கேனைக்கூட நாங்க திறந்ததில்ல, தேதி முடிஞ்சதைக் கழிச்சுட்டுப் புதுசை அடுக்கறதோட சரி, பதினஞ்சாம் தேதி காப்பீட்டுக்காரங்க வர்றப்ப இந்தக் கிடங்குல ரெண்டு டன் சரக்கு இருந்தாத்தான் தனிப் பொறுப்பாளர் வேணும்னு எழுதுவாங்க, கம்பெனியும் என்னை வெச்சுக்கும், அதுக்காகத்தான் இந்தம்மா வருஷா வருஷம் உங்ககிட்ட வாங்கறாங்க."